சட்டமும் நாமும்: வீட்டுக்காரர் அனுப்பும் கணக்கு

ஜேர்மனியில் வாடகைக்கு இருக்கும் எம்மவருக்கு வருடத்தில் ஒருமுறை வயிற்றைக் கலக்கும் கடிதம் ஒன்று வரும். அதுதான் 'நேபன்கோஸ்டன்' கணக்கு. தண்ணீர், ஹீற்றர், குப்பை என்று மாதாமாதம் முன்பணம் கட்டியும், இன்னும் கட்டுங்கள் என்று எழுதியிருக்கும். மொழி விளங்காமல், வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் உடனே கட்டிவிடுகிறோம்.

கட்டுமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

கணக்குக் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் கடிதம் கைக்கு வந்ததா? வீட்டுக்காரரின் தவறால் பிந்தினால் அவர் மேலதிகக் காசு கேட்கமுடியாது.

திருத்த வேலை, நிர்வாகச் செலவு அதில் இருக்கிறதா? அவை உங்கள் தலையில் விழக்கூடாது. 2024 யூலை முதல் கேபிள் தொலைக்காட்சிக் கட்டணமும் அப்படியே.

ஹீற்றர் செலவில் பாதியாவது நீங்கள் பாவித்த அளவுப்படி போடப்பட்டதா? பொதுவாக அதுதான் சட்டம்.

பற்றுச்சீட்டுகளைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பிழையிருந்தால், கடிதம் கிடைத்து 12 மாதங்களுக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். வாடகைக்காரர் சங்கத்தில் சேர்ந்தால் அவர்கள் கணக்கைப் பார்த்துத் தருவார்கள்.

கணக்குச் சரியென்றால் கட்டத்தான் வேண்டும். ஆனால் பயத்தில் அல்ல, பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.