கீழ்க்காய்நெல்லியும் பாதி ஆராய்ச்சியும்

மாரி தொடங்கினால் வடமராட்சியில இரண்டு சாமான் பெருகும். ஒன்று நுளம்பு, மற்றது கீழ்க்காய்நெல்லி பற்றின வட்ஸ்அப் செய்தி. நோபல் பரிசு வாங்கின வெள்ளைக்கார விஞ்ஞானியே எங்கட மூலிகைக்கு முன்னால தலைவணங்கினாராம், செங்கமாரிக்கு இதைவிட மருந்து உலகத்தில இல்லையாம், இங்கிலிஷ் வைத்தியர்மார் காசுக்காக மறைக்கினமாம். ஊரின்ர பேரே நெல்லியடி எண்டபடியாலோ என்னவோ, எங்கட ஆக்களுக்கு இதில தனிப் பெருமை. (அது மரநெல்லி, இது காலடியில முளைக்கிற செடி. ஆனாலும் இரண்டும் ஒரே பேரினம்தான், பெருமைப்படுறவை படட்டும்.)

அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை. 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அப்படி ஒரு ஆய்வு வந்தது உண்மை. செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவரது குழுவும். கூட இருந்தவர் பரூக் புளூம்பெர்க். ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசைக் கண்டுபிடித்தவர், 1976இல் நோபல் பரிசு பெற்றவர். முப்பது நாள் கீழ்க்காய்நெல்லித் தூள் எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போனது. வெறும் போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி நடந்தது. வாயைப் பிளக்க வைக்கிற முடிவு. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் எழும்பி நிண்டதில ஆச்சரியம் இல்லை.

செய்தி இதோட முடியுது. ஆராய்ச்சி முடியேல்லை.

1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலன் கிடைக்கேல்லை. 1994இல் நியூசிலாந்தில் பார்த்தார்கள், அங்கயும் இல்லை. 2011இல் கொக்ரேன் அமைப்பு அதுவரை வந்த பரிசோதனைகளைத் திரட்டி அலசிப்போட்டு, போலி மாத்திரையைவிட இந்த மூலிகை மேலானது எண்டதுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை எண்டு எழுதியது. இன்னொன்றும் இருக்கு. சென்னை ஆய்வில் இருந்தவர்கள் செங்கமாரி பிடித்துப் படுத்தவர்கள் இல்லை. அறிகுறி எதுவும் இல்லாமல் வைரசைச் சுமந்துகொண்டு திரிந்தவர்கள். செங்கமாரியை இந்தச் செடி மாற்றும் எண்டு அந்தக் கட்டுரை சொல்லவே இல்லை. அதைச் சொன்னது எங்கட பெரியப்பாமாரின் வட்ஸ்அப் குழுக்கள்.

இதில தியாகராஜனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தமிழ்ப் பாட்டிமார் கைவசம் வைத்திருந்த ஒரு செடியை எடுத்து, போலி மாத்திரையோட பக்கத்தில வைத்து நேர்மையாகச் சோதித்தவர் அவர். மற்றவர்களும் சோதிக்கத்தக்கதாக முறையை எழுதி வைத்தவர். அவரின்ர வேலையை மதிக்கிறது எண்டால் அதுக்குப் பிறகு வந்த சோதனையையும் மதிக்க வேணும். முதல் முடிவு வரும்போது லான்செட் உங்களுக்கு வேதம், அடுத்த முடிவு வரும்போது அதே லான்செட் வெள்ளைக்காரன்ர சதியோ?

“ஆனா எனக்கு மாறினதே?” எண்டு கேப்பினம். மாறியிருக்கும். ஏனெண்டு விளங்க ஈரல் என்ன வேலை செய்யுது எண்டு கொஞ்சம் பார்க்க வேணும். இரத்தச் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். அது உடையேக்க வாற மஞ்சள் கழிவுதான் பிலிரூபின். ஈரல் அதைப் பிடித்து, தண்ணியில கரையத்தக்க மாதிரி மாற்றி, பித்தத்தோட குடலுக்குள்ள விடும். மலத்துக்கு அந்த நிறம் வாறது அதாலதான். இந்தப் பாதையில எங்க பிழைத்தாலும் கண் மஞ்சளாகும். சிவப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சி உடையலாம், ஈரலே வீங்கியிருக்கலாம், பித்தக் குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால் மலம் வெளிறிப் போகும். ஆக, செங்கமாரி ஒரு வருத்தத்தின்ர பேர் இல்லை, பல வருத்தங்களுக்குப் பொதுவான ஒரு அடையாளம். பழுதான தண்ணியாலும் சாப்பாட்டாலும் வாற ஹெப்பற்றைற்றிஸ் ஏ, அநேகமானவர்களுக்குச் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். கீழ்க்காய்நெல்லி குடித்தாலும் மாறும், குடிக்காட்டிலும் மாறும், தலையில எண்ணெய் வைத்தாலும் மாறும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை.

தானாக மாறாத செங்கமாரியிலதான் ஆக்கள் சாகினம். 2024 டிசம்பரை நாங்கள் அதுக்குள்ள மறந்திட்டமோ? வெள்ளம் வடிஞ்ச கையோட யாழ்ப்பாணத்தில காய்ச்சல் பரவி அடுத்தடுத்து உயிர்கள் போனது. கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கமும் ஆக்கள் விழுந்தவை. மர்மக் காய்ச்சல் எண்டு பத்திரிகைகள் எழுதின, பிறகு எலிக்காய்ச்சல் எண்டு தெரிய வந்தது. எலிச் சலம் கலந்த சேறும் வெள்ளமும் கால் வெடிப்பால, காயத்தால உடம்புக்குள்ள கொண்டுவாற கிருமி அது. முற்றினால் கண் மஞ்சளாகும், சிறுநீரகம் நிற்கும், நுரையீரலில் இரத்தம் கசியும். வேளைக்குப் பிடித்தால் சாதாரண அன்டிபயோட்டிக்கே காணும். வயலுக்க இறங்குற ஆளுக்குக் காய்ச்சல் வந்து கண்ணும் மஞ்சளானால், மூன்று நாள் வேர் அரைச்சுக் குடிச்சுப் பார்ப்பம் எண்டு சொல்ற ஒவ்வொரு வாயும் அந்த ஆளின்ர நாளைத் திருடுது. பத்தியத்துக்கு ஆசைப்பட்டு இழக்கிற மூன்று நாள்தான் சில பேருக்கு இருக்கிற முழு நாளும்.

மூலிகை எண்டால் பக்கவிளைவே இல்லை எண்டது அடுத்த பொய். இதைப் பிழை எண்டு காட்டினது அமெரிக்க மருந்துக் கொம்பனி இல்லை, பேராதனைப் பல்கலைக்கழகம். அர்செகுலரத்ன, குணதிலக்க, பானபொக்க எண்ட மூன்று பேர் இலங்கையில் வைத்தியத்துக்குப் பாவிக்கிற ஐம்பது செடிகளைச் சோதித்து 1981இல் எழுதினார்கள். அதில் மூன்றில் ஈரலைக் கெடுக்கிற அல்கலோயிட்டு இருந்தது, கொடுத்த எலிகளின் ஈரலும் பழுதானது. அந்த மூன்றில் ஒன்று கிலுகிலுப்பை. இன்னொன்று, தெற்கில தேத்தண்ணியாகக் குடிக்கிற, எங்கட ஆக்களும் சீனி வருத்தத்துக்கு எண்டு அவிக்கிற ஆவரசு. நாற்பது வருசம் தாண்டிப் போச்சு. இதை முன்னனுப்பின ஒரு பெரியப்பாவை எனக்குக் காட்டுங்கோ.

பாமசியில் வாங்குற ‘ஈரல் டொனிக்’ சங்கதியும் இதுதான். குடிகாரரின்ர ஈரலைக் காப்பாற்றும் எண்டு மனிசிமார் தாலிக்கொடி அடகு வைத்தும் வாங்கிக் குடுக்கிற லிவ் 52ஐ, இலங்கையிலேயே மதுவால் ஈரல் பழுதானவர்களுக்குக் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். 2003இல் முடிவு வெளிவந்தது: போலி மாத்திரைக்கும் அதுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கசிப்பை நிற்பாட்டாமல் ஈரலுக்கு டொனிக் குடுக்கிறது, ஓட்டை வாளியால தண்ணி இறைக்கிற வேலை.

இனி மற்றப் பக்கத்துக்கும் வாறன், ஏனெண்டால் வைத்தியர்மாரும் இதில சுத்தமில்லை. ஸ்கான் எடுத்த மனிசிக்கு ‘ஃபற்றி லிவர்’ எண்டு றிப்போட்டில எழுதிக் குடுக்கினம். என்ன, ஏன், என்ன செய்ய வேணும் எண்டு ஒரு சொல்லும் இல்லை, “அடுத்த ஆள்”. வீட்டுக்கு வந்தால், ‘ஈரலில கொழுப்பாம், ஒளிச்சுக் குடிக்கிறாளோ’ எண்டு மாமியார் முகம் கோணுறா. வாழ்க்கையில சாராயம் தொடாத பொம்பிளை இதைக் கேட்க வேண்டியிருக்கு. றாகமவில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பரிசோதித்த ஆய்வு 2009இல் வந்தது. குடியோடு சம்பந்தமில்லாத ஈரல் கொழுப்பு நூற்றுக்கு 32.6 பேருக்கு இருந்தது. மூன்று பேரில் ஒருவர்! சோறு, பாண், நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, கதிரையில இருக்கிற வேலை, அரையில ஏறுற சதை, இதுகள்தான் காரணத்தின்ர பெரும்பகுதி. ஈரல் நோகாது, அதனால ஆருக்கும் தெரியாது. உடம்பு நிறையில 7 தொடக்கம் 10 வீதம் குறைந்தால் கொழுப்பும் வீக்கமும் நல்லா இறங்கும் எண்டு ஆய்வுகள் சொல்லுது. இதைச் சொல்ல இரண்டு நிமிசம் காணும். அந்த இரண்டு நிமிசம் கிடைக்காதவன்தான் வட்ஸ்அப்பில பதில் தேடுறான், அவனை மட்டும் மூடன் எண்டு சிரிக்கிறது எனக்கு உடன்பாடில்லை.

எங்களிட்டை ஆக்கள் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத்தில மருத்துவபீடம் இருக்கு, கைதடியில சித்த மருத்துவம் படிப்பிக்கினம். இரண்டும் சேர்ந்து, வடமராட்சியில செங்கமாரி எண்டு வாற நூறு பேருக்கு உண்மையில என்ன வருத்தம், அவை வர முதல் என்ன குடிச்சவை எண்டு ஒரு வருசம் எண்ணித் தமிழில ஒரு பக்கம் போடட்டும். சித்த மருத்துவத்தில நம்பிக்கை உள்ளவைதான் இதை முதலில கேட்க வேணும், தங்கட மருந்தில எது நிற்கும் எது நிற்காது எண்டு தெரிய.

அதுவரைக்கும், அந்தக் கீழ்க்காய்நெல்லிச் செய்தி திரும்ப வந்தால், கீழ ஒரு வரி சேர்த்து அனுப்புங்கோ: வயலுக்க, வெள்ளத்துக்க நிண்ட ஆளுக்குக் காய்ச்சலோட கண் மஞ்சளானால், அண்டைக்கே மந்திகைக்குக் கொண்டு போங்கோ.