டூட்டி லிஸ்ட் போடுகிறவர்கள் எங்கே கூடுவது?

தென்சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 ஆண்டுகள் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருந்தேன். மாதக் கடைசியில் டூட்டி லிஸ்ட் போட உட்காருவேன். பென்சிலால்தான் எழுதுவேன், எழுதுவதைவிட அழிப்பதற்கே நேரம் அதிகம் பிடிக்கும். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு பேர் வளைகுடாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஓர் இரவு ஜெனரல் வார்டில் 22 நோயாளிகளுக்கு ஒரே சிஸ்டரைப் போட்டேன். காலையில் ஹேண்ட் ஓவர் சொல்லும்போது அந்தப் பெண் மருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். போட்டது நான். அது இன்னும் உறுத்துகிறது.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்குப்படி, பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும். போதனா மருத்துவமனை என்றால் 3 பேருக்கு ஒருவர். இதை நிர்வாகத்திடம் சொல்லப் போனால், “மற்ற ஆஸ்பத்திரிகளில் சமாளிக்கிறார்களே சிஸ்டர்” என்பார்கள். எனக்கு வாயடைத்துவிடும். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் என் நாற்காலியில் இருந்தவர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

எங்களைப் போன்றவர்கள் கூடுவது புதிதல்ல: 1905இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்கள்தான் முதலில் சங்கம் கண்டார்கள். 1908இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் அதிலிருந்துதான் பிறந்தது. சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநில நர்சிங் கவுன்சில் இருக்கிறது. பதிவுக்கும் சான்றிதழுக்கும்தான் அங்கே போகிறோம், வருகிறோம். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டு உட்கார்ந்தார்களே, அவர்கள் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் இரவில் வார்டுக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்கிறவர்களுக்கு இந்த ஊரில் கலந்து பேச ஓர் இடம் வேண்டும்.

மாதம் ஒரு நாள், மதியம் 3 மணிக்குக் கூடினால் போதும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு தாள் கொண்டுவரட்டும்: எத்தனை படுக்கை, நைட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் டபுள் டூட்டி பார்த்தார்கள். நோயாளி பெயரும் வேண்டாம், மருத்துவமனை பெயரும் வேண்டாம். பத்துத் தாள் சேர்ந்துவிட்டால் “மற்ற ஆஸ்பத்திரிகள்” என்ற பேச்சு எடுபடாது. 2023இல் தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி அமையும் மாநில ஆணையத்தின் முன்னாலும் நாம் அந்தத் தாள்களோடு போய் நிற்கலாம்.

என் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் தாராளமாக உட்காரலாம். மந்தைவெளி பஸ் டெப்போவிலிருந்து ஐந்து நிமிட நடை.