கொடுப்பதற்கு இவர் யார்?

“தங்கைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, கேட்டால் இன்னும் ஏதாவது கொடுப்போம்” என்னும் பேச்சு நம்மவர் இல்லங்களில் வெகு இயல்பாக வழங்குகிறது. சொல்பவர் தம்மை வள்ளலென்றே எண்ணிக்கொள்கிறார், கேட்பவர்களும் தலையசைக்கிறார்கள். ‘கொடுப்போம்’ என்னும் அந்த ஒரு சொல்லைத்தான் நாம் மறுக்கிறோம். தம் பொருளைத்தான் ஒருவர் கொடுக்க இயலும். பிறர் பொருளை உரியவரிடம் சேர்ப்பது கொடையன்று, ஒப்படைப்பு. சேர்க்காமல் வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர் என்பதை வாசகப் பெருமக்களே அறிவார்கள்.

உடைமை எவ்வாறு வருகிறது என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். விலைக்கு வாங்குவதிலும் கொடையாகப் பெறுவதிலும் இருவர் மனம் இசைய வேண்டும். வாரிசுரிமைக்கோ எவருடைய இசைவும் வேண்டுவதில்லை. கேட்காமலும் விரும்பாமலுங்கூட ஒருவர் உடைமையில் வந்து சேர்வது இது என்பதால், ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை ‘ஜப்ரீ’ என்னும் வகையில் வைத்தார்கள். இறந்தவரின் அடக்கச் செலவும், மனைவிக்குத் தராத மஹர் உள்ளிட்ட கடன்களும், மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தும் தீர்ந்த பின் எஞ்சுவது வாரிசுகளின் பொருள். அண்ணன் பத்திரம் எழுதும் நாளில் பிறக்கும் உரிமையன்று அது. தந்தையின் மரணத்தோடு பிறந்துவிட்ட உரிமை.

கணக்காகவே பார்ப்போம். ஒருவர் மனைவியையும் இரு ஆண்மக்களையும் ஒரு மகளையும் விட்டு இறக்கிறார். எஞ்சிய நிலம் 40 சென்ட். மனைவிக்கு எட்டிலொன்று, 5 சென்ட். மீதி 35 சென்டில் மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. அந்த நிலத்தில் கடை கட்டி மாதம் 8,000 ரூபாய் வாடகை வருமாயின், அதில் 1,400 ரூபாய் மாதந்தோறும் மகளுடையது. அதனை அண்ணன்மார் உண்பார்களாயின், உண்பது தங்கையின் உணவையே.

இது புதிய வழக்கன்று. உஹதுப் போரில் உயிர் துறந்த ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவை தம் இரு பெண்மக்களோடு பெருமானார் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பாகப்பிரிவினை வசனம் அருளப்பெற்றது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டும் தாய்க்கு எட்டிலொன்றும் சேர்த்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு ஆணை பிறந்தது. முழுவதையும் கைப்பற்றியவருக்கு முறையாகக் கிடைத்தது 24இல் 5 பங்கு மட்டுமே. அவரை எவரும் ‘கொடு’ என்று இரக்கவில்லை, ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்டார்.

இனி, பங்கை மறுப்போர் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம்.

கலியாணச் செலவிலும் சீர்வரிசையிலும் பங்கு கழிந்துவிட்டதென்பர். கைக்கூலி மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. பெண்ணின் பங்கில் அது எப்படிக் கழியும்? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டே எனலாம். தந்தை தம் வாழ்நாளில் கொடுத்து, மகள் ஏற்று, கைவசமும் பெற்றுவிட்டால் அது ஹிபா. வாரிசுப் பங்கிலிருந்து அதனைக் கழிப்பதற்கு விதியில்லை. மக்களிடையே கொடையில் நீதி செலுத்த வேண்டும் என்பது மெய்யே; நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தை அளித்த கொடைக்குச் சாட்சி நிற்கப் பெருமானார் (ஸல்) மறுத்தார்கள். ஆனால் அந்த நீதியைச் செய்ய வேண்டியவர் உயிரோடிருந்த தந்தை. அவர் மறைந்த பின் கணக்கை நேர் செய்யும் அதிகாரத்தை அண்ணனுக்கு எவரும் வழங்கவில்லை.

அடுத்து, “அவளே விட்டுக்கொடுத்துவிட்டாள்” என்பர். தந்தை உயிரோடிருக்கையில் மகளிடம் இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. இல்லாத உரிமையை எப்படி விடுவது? இறந்த பின்னரும், ‘விட்டேன்’ என்ற வெறுஞ்சொல்லால் உடைமை நீங்குவதில்லை. எகிப்தின் ஹனஃபி பேரறிஞர் இப்னு நுஜைம் பதினாறாம் நூற்றாண்டிலேயே இதனைத் தெளிவாக்கியிருக்கிறார். மனமுவந்து கொடுப்பதாயின் அது ஹிபாவாக அமைய வேண்டும். பிரிக்கத்தக்க சொத்தைப் பிரித்த பின்னரே ஹிபா செய்ய வேண்டும் என்பது ஹனஃபி நிலை. பிரிக்காத பங்கையும் கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ நிலை. இரண்டிலும் உவந்த மனமும் கைவசம் ஒப்படைத்தலும் வேண்டும். ‘கையெழுத்திடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும்’ என்று அஞ்சிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்துக்குக் கைந்நாட்டு வைக்கும் பெண்ணிடம் உவப்பு எங்கே இருக்கிறது?

பின்னும், “பட்டா எங்கள் பெயரில், முப்பது ஆண்டு அனுபோகம்” என்பர். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது உடைமையை ஆக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. கூட்டுரிமையாளருள் ஒருவரின் கைவசம் எல்லார் சார்பிலுமான கைவசம் என்பதே நீதிமன்றங்களின் கொள்கை. உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கிய நாளிலிருந்துதான் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 12 ஆண்டு தொடங்கும். அந்த 12 ஆண்டும் கடந்து நீதிமன்றக் கதவு மூடியதென்றே கொள்வோம். வாதத் திறமையால் தம்மிடம் ஒருவர் சாதகமான தீர்ப்புப் பெற்றாலும், பிறர் உரிமையாயின் அவர் பெறுவது நெருப்புத் துண்டே எனப் பெருமானார் (ஸல்) எச்சரித்தார்கள். பெருமானாரின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது எனில், பழைய பட்டா ஆக்குமோ?

நாட்டுச் சட்டத்தின் மேல் பழி போடவும் நமக்கு இடமில்லை. மகளைப் புறந்தள்ளிய வழக்காறுகளை விலக்கி ஷரீஅத்தை நிலைநாட்டவே 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் இயற்றப்பட்டது. விவசாய நிலம் அன்று அதில் சேரவில்லை. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அந்நிலத்தையும் சேர்த்தது. நம் அண்டை வீட்டு இந்துப் பெண்களுக்கு மூதாதையர் கூட்டுச் சொத்தில் மகனோடு ஒத்த உரிமை தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும்தான் வந்தது. நம் பெண்களுக்கோ நிஸா அத்தியாயம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பங்கை வரையறுத்துவிட்டது. வரையறுத்த பங்கை வாங்கவிடாமல் தடுப்பவர்கள் யார்? “ஷரீஅத்தில் கை வைக்காதே” என்று மேடையில் முழங்குபவர்களில் சிலரே, பாகப்பிரிவினை நாளில் அந்தச் சட்டம் ஒழித்த வழக்காற்றை வீட்டுக்குள் அழைத்து வருகிறார்கள். வெளியாரின் கையைத் தட்டிவிடுமுன் தம் கை எதன்மேல் இருக்கிறது என்று இவர்கள் பார்க்க வேண்டாவோ?

உலமாக்களிடமும் ஜமாஅத் பெரியோர்களிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. ஒருவர் மறைந்தால் ஓதுவதற்கும் உண்பதற்கும் கூடுகிறோம். அந்தக் கூட்டம் கலையுமுன் வாரிசுகள் யாவர், கடன் எவ்வளவு, யாருக்கு எத்தனை பங்கு என்பதைத் தாளில் எழுதி அனைவர் முன்னும் படிக்கட்டும். பெண்களுக்கும் அந்தத் தாளில் ஒரு படி தரட்டும். முதலில் பங்கு அளக்கப்பட்டு அவள் பெயரில் பதிவாகட்டும். அவள் கையில் சேரட்டும். அதன்பின் தன் சகோதரனுக்கு அவள் ஏதேனும் மனமுவந்து அளிப்பாளாயின், அன்று ‘கொடுத்தேன்’ என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. அந்தச் சொல் அவளுடையது. அவளுக்குமுன் அதனை எடுத்தாளும் உரிமை அண்ணனுக்கு இல்லை.