மன்னிப்பு யாருடையது?

ஆந்திர மாநிலம் ராஜமகேந்திரவரம் அருகே கொந்தமூரில் 2025 மார்ச் 25-ம் தேதி காலை போதகர் பிரவீண் பகடாலாவின் உடல் சாலையோரத்தில் கண்டெடுக்கப்பட்டது. முந்தைய நாள்தான் அவர் ஹைதராபாதிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டிருந்தார். தெலுங்குக் கிறிஸ்தவர்களிடையே நன்கு அறிமுகமான பேச்சாளர்; பிற சமயத்தாருடன் விவாதங்கள் நடத்தியவர். எப்படி இறந்தார் என்று விசாரிக்கப்படும் முன்னரே, யார் கொன்றது என்ற கேள்வி இரு தெலுங்கு மாநிலங்களிலும் பரவிவிட்டது.

செகந்திராபாதில் நடந்த இறுதி வழிபாட்டுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு விரிவான விசாரணைக்கு உத்தரவிட்டார். ஏப்ரலில் காவல்துறை தனது முடிவை வெளியிட்டது. வழிநெடுகக் கிடைத்த கண்காணிப்புக் கேமரா பதிவுகள், தடய அறிவியல் அறிக்கை ஆகியவற்றின்படி இது சாலை விபத்தே என்று அது கூறியது. கிறிஸ்தவ அமைப்புகள் பல இதை ஏற்க மறுத்தன. அதே வேளையில், இறந்தவரின் பெயரால் மத நல்லிணக்கத்தைக் குலைக்க வேண்டாம் என்று குடும்பத்தினர் கேட்டுக்கொண்டனர்.

துயரத்தின் நடுவே விடுக்கப்பட்ட அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக இயேசு வேண்டிக்கொண்டதும், கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் அதையே செய்ததும் தேவாலயங்களில் இடையறாது போதிக்கப்படுபவை. அச்சமயத்தில் மன்னிப்பு என்பது பெருந்தன்மை மட்டுமன்று, கட்டளையும்கூட. பொறையுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்தவர்களுக்கு இது அந்நியமான கருத்தாகத் தோன்றாது.

ஆனால், மன்னிப்பதற்கு முன் என்ன நடந்தது, யார் செய்தது என்பது தெரிந்தாக வேண்டும். விபத்து என்றால் மன்னிக்கப்பட வேண்டியவர் எவரும் இல்லை. கொலை என்றால், பெயரும் முகமும் இல்லாத ஒருவரை மன்னிப்பதற்குப் பொருள் குறைவு. காவல்துறையின் முடிவை மறுத்தவர்கள் ஆதாரத்தைக் காட்டிலும் தங்கள் அச்சத்தையே அதிகம் முன்வைத்தனர் என்பது உண்மை. அந்த அச்சம் வெறுங்காற்றில் பிறந்ததல்ல என்பதும் உண்மையே.

உண்மை தெரிவதற்கு முன் முடிவுக்கு வருவதன் ஆபத்தை ஹைதராபாத் ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. 2000-ம் ஆண்டு மே முதல் ஜூலை வரை ஆந்திரம், கர்நாடகம், கோவா மாநிலங்களில் தேவாலயங்களைக் குறிவைத்து அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. ஓங்கோல், தாடேபள்ளிகூடம், குல்பர்கா அருகேயுள்ள வாடி, ஹூப்ளி, பெங்களூர் எனப் பட்டியல் நீண்டது. முந்தைய ஆண்டு ஒரிசாவில் கிரஹாம் ஸ்டெயின்ஸ் கொல்லப்பட்ட சூட்டில், சந்தேகம் முழுவதும் இந்து அமைப்புகளின் மீது விழுந்தது. அன்று அந்தச் சந்தேகத்தைத் தவறென்று சொல்லத் துணிந்தவர்கள் சிலரே.

ஜூலை 9-ம் தேதி பெங்களூர் மாகடி சாலையில் ஒரு வேன் வெடித்துச் சிதறியது. வெடிபொருளைக் கொண்டுசென்றவர்களே அதில் மாண்டனர். அங்கிருந்து தொடங்கிய விசாரணை, ஹைதராபாத் ஆசிப் நகரில் தலைமையகம் கொண்டிருந்த தீன்தார் அஞ்சுமன் என்ற அமைப்பின் வாசலில் வந்து நின்றது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே பகையை மூட்டுவதே நோக்கம் என்றது அரசுத் தரப்பு. 2001-ல் மத்திய அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. 2008 நவம்பரில் பெங்களூர் சிறப்பு நீதிமன்றம் 11 பேருக்கு மரண தண்டனையும் 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. புலனாய்வு மட்டும் பாதியில் நின்றிருந்தால், செய்யாதவர்களைக் குற்றவாளிகளாக எண்ணிப் பெரிய மனத்துடன் மன்னித்த பெருமை ஒரு சமூகத்துக்கு மிஞ்சியிருக்கும்.

மன்னிப்பைப் பற்றி இந்தியாவில் யார் பேசினாலும் ஸ்டெயின்ஸ் குடும்பத்தைத் தவிர்க்க இயலாது. ஆஸ்திரேலியரான கிரஹாம் ஸ்டெயின்ஸ் 1965 முதல் ஒரிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டம் பாரிபதாவில் தொழுநோயாளர்களிடையே பணியாற்றியவர். 1999 ஜனவரி 22-ம் தேதி இரவு, கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூரில் வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரும், 10 வயது பிலிப்பும், 6 வயது திமோத்தியும் உயிரோடு எரிக்கப்பட்டனர். கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அவரது மனைவி கிளாடிஸ் அறிவித்தார். உடனே நாடு திரும்பிவிடவும் இல்லை. 2004 வரை அங்கேயே தங்கித் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர் சொன்னவற்றில் பலரும் நினைவில் வைத்துக்கொண்டது மன்னிப்பு என்ற சொல்லை மட்டுமே. 2003-ல் விசாரணை நீதிமன்றம் தண்டனை விதித்தபோது, மன்னிப்பையும் குற்றத்தின் விளைவுகளையும் ஒன்றோடொன்று குழப்பக்கூடாது என்றும் அவர் தெளிவாகக் கூறியிருந்தார். தன் மனத்தில் கசப்பு இல்லை. சட்டம் தன் வழியில் செல்லட்டும் என்பதே அவரது நிலை. இந்த இரண்டாம் பகுதியை மேற்கோள் காட்டுவோர் அரிது.

தாரா சிங்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை ஒரிசா உயர் நீதிமன்றம் 2005-ல் ஆயுளாகக் குறைத்து, தாரா சிங்கையும் மகேந்திர ஹேம்ப்ரமையும் தவிர மற்றவர்களை விடுவித்தது. 2011 ஜனவரி 21-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நீதிபதி பி.சதாசிவம், நீதிபதி பி.எஸ்.செளஹான் அடங்கிய அமர்வு அளித்த அத்தீர்ப்பில், ஸ்டெயின்ஸுக்குப் பாடம் புகட்டுவதே நோக்கம் என்ற பொருள்பட ஒரு வாசகம் இடம்பெற்றிருந்தது. கடும் விமர்சனம் எழுந்ததால் நான்கே நாளில் அது நீக்கப்பட்டது. தன் தீர்ப்பின் வாசகத்தை உச்ச நீதிமன்றமே இவ்வளவு விரைவில் திருத்திக்கொள்வது அன்றாடம் நடப்பதல்ல.

2024-ல் தாரா சிங் முன்கூட்டியே விடுதலை கோரி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். செய்ததற்காக வருந்துவதாக மனுவில் கூறியிருந்தார். கூடவே, நாட்டின் வரலாற்றில் நேர்ந்த கொடுமைகளை எண்ணி இளமை வேகத்தில் நிலைதவறியதாக ஒரு விளக்கமும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால், என்ற சொல்லோடு வரும் வருத்தம் எத்தனை சதவீதம் வருத்தம் என்பதை நீதிமன்றத்தால் அளக்க முடியாது. மேலும், அருள்தாஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1999 செப்டம்பரில் கொல்லப்பட்ட வழக்கிலும் தண்டனை பெற்றவர் அவர். அந்தப் பாதிரியாரைத் தமிழ்நாட்டிலும் இன்று நினைவுகூர்வோர் குறைவு.

மனுவின் மீது முடிவெடுக்குமாறு 2025 மார்ச்சில் ஒடிசா அரசை உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம் 16-ம் தேதி, நன்னடத்தையின் பேரில் ஹேம்ப்ரம் கியோஞ்சர் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். விசுவ ஹிந்து பரிஷத் அதை வரவேற்றது. இத்தகைய தருணங்களில் எல்லாம், மனைவியே மன்னித்துவிட்டார், பிறகென்ன என்ற வாதம் தலைதூக்குகிறது.

இந்த வாதம் தமிழக வாசகர்களுக்குப் பழக்கமானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியின் மரண தண்டனை 2000-ல் ஆயுளாகக் குறைக்கப்பட்டதில் சோனியா காந்தியின் கருணைக்குப் பங்கு உண்டு. 2008-ல் வேலூர் சிறைக்கே சென்று நளினியைச் சந்தித்தார் பிரியங்கா. எனினும், குடும்பத்தின் மனநிலையே வழக்கின் முடிவு என்று சட்டம் கருதவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த வழக்குகளில் தண்டனைக் குறைப்புக்கு மத்திய அரசின் இசைவு வேண்டும் என்று 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு கூறியது. எஞ்சியிருந்த ஆறு பேரின் விடுதலை 2022 நவம்பரில்தான், அதுவும் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் நிகழ்ந்தது. ஸ்டெயின்ஸ் வழக்கை விசாரித்ததும் மத்தியப் புலனாய்வுத் துறையே.

குடும்பத்தின் மன்னிப்பு விடுதலைக்கு வழிவகுத்த நிகழ்வும் இல்லாமல் இல்லை. கேரளத்தைச் சேர்ந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற மக்களிடையே பணியாற்றியவர். 1995 பிப்ரவரி 25-ம் தேதி இந்தூர் செல்லும் பேருந்தில் பயணிகள் முன்னிலையில் குத்திக் கொல்லப்பட்டார். அவரது உடன்பிறந்த தங்கையும் அருள்சகோதரியே. 2002-ல் அவர் சிறைக்குச் சென்று கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். குடும்பமே அவரது விடுதலைக்குப் பரிந்துரைத்தது. 2006-ல் வெளியே வந்த அந்த மனிதர் ராணி மரியாவின் கல்லறைக்கும் அவரது பெற்றோர் வீட்டுக்கும் சென்று மன்னிப்பு வேண்டினார். 2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

இங்கு முதலில் வழக்கு நடந்தது; குற்றம் நிறுவப்பட்டது; தண்டனையின் பெரும்பகுதி அனுபவிக்கப்பட்டது. குற்றவாளி எந்த விளக்கமும் சேர்க்காமல் தன் செயலை ஏற்றுக்கொண்டார். இவ்வளவுக்கும் பிறகே அரசின் கருணை வந்தது. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996-ல் பணி தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும், செய்ததை முழுமையாக வெளியிட்டவர்களுக்கு மட்டுமே பொதுமன்னிப்பு வழங்கியது. மறைத்தவர்களுக்கு மறுத்தது.

மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் தனிச்சொத்து. அதை அரசு கடன் வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. கணவனை இழந்த பெண் பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடலாம். நாளை இன்னொரு மனோகர்பூர் நிகழாமல் காக்கும் பொறுப்பைக் கைவிட அரசுக்கு உரிமை இல்லை. 1999-ல் நாடாளுமன்றத்தில் ஸ்டெயின்ஸ் கொலையைக் கண்டிக்காத கட்சி இல்லை. 2008-ல் கந்தமாலில் சுவாமி லட்சுமணானந்தா கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அதே ஒரிசாவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தபோது, அந்தக் கண்டனங்கள் அவைக்குறிப்பில் மட்டுமே இருந்தன.

தெலுங்கு நாட்டில் இப்பிரச்னைக்கு இன்னொரு முகம் உண்டு. தில்லியில் அது அதிகம் பேசப்படுவதில்லை. இங்கு கிறிஸ்தவர்களில் கணிசமானோர் மாலா, மாதிகா சமூகங்களிலிருந்து வந்தவர்கள். நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தோர்ணக்கல்லில் 1912-ல் ஆயராகப் பொறுப்பேற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயர். அவர் காலத்தில் திருச்சபையில் சேர்ந்த ஏழைகளின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று ஹைதராபாதின் தேவாலய இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கிறிஸ்தவர்கள் 1.34 சதவீதம் என்றே சொல்கிறது. ஞாயிறுதோறும் நிரம்பும் ஆலயங்களைக் கண்டவர்கள் இந்த எண்ணை எளிதில் நம்பமாட்டார்கள்.

காரணம் ரகசியமல்ல. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பெளத்த சமயத்தினர் மட்டுமே தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஆவர். கிறிஸ்தவர் என்று பதிவு செய்தால் இடஒதுக்கீடு போய்விடும். இடஒதுக்கீடு மட்டுமல்ல, பாதுகாப்பும் போய்விடும் என்பதை 2025 ஏப்ரல் 30-ம் தேதி ஆந்திர உயர் நீதிமன்றம் உணர்த்தியது. சாதியைச் சொல்லித் திட்டித் தாக்கினர் என்று குண்டூர் மாவட்டத்துப் போதகர் ஒருவர் அளித்த புகாரின் பேரில் பதிவான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை அது ரத்து செய்தது. கிறிஸ்தவத்தைப் பின்பற்றிப் போதகராகப் பணியாற்றுபவர், சாதிச் சான்றிதழ் வைத்திருந்தாலும் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்பது அதன் முடிவு. நடைமுறையில் உள்ள ஆணையைப் பொருள் கொண்டதில் நீதிமன்றத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், அடித்தவர்கள் அவரது சமயத்தைப் பார்க்காமல் சாதியைப் பார்த்தே அடித்தனர் என்பதுதான் புகார்.

வழக்குத் தொடுக்க வழியிருந்தும் தொடுக்காமல் விடுபவரது மன்னிப்பு ஒன்று. எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாதவரின் மெளனம் வேறொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பொறுமையாகத் தெரியும். திருச்சபைத் தலைவர்களும் இவ்வேறுபாட்டைத் தங்கள் மக்களுக்கு எப்போதும் எடுத்துச் சொன்னதில்லை. திருச்சபைக்குள்ளேயே சாதி அவமதிப்பைச் சந்தித்தவர்களிடம் பொறுமையைப் போதிப்பது எளிதாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

தாழ்த்தப்பட்டோர் தகுதியைச் சமயத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. 2009 டிசம்பரில், எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்த அறிக்கை ஏதுமின்றி அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2022 அக்டோபரில், இதே கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 மார்ச்சில் ஆந்திர சட்டப்பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கு அத்தகுதியை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றி தில்லிக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் அறிக்கை அளிக்கப் பணிக்கப்பட்டிருந்த பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு, 2024-ல் மேலும் ஓராண்டு அவகாசம் தரப்பட்டது.