முதலில் காற்றுத் துப்பாக்கி
தி. நகரிலோ அடையாறிலோ குறிபார்த்துச் சுடும் ஆசை வந்தவர்கள், குறைந்த விலையில் அரைத்தானியங்கி .22 ரைஃபிள் கிடைக்குமா என்று விசாரிப்பதுண்டு. அந்த ஆசையில் பாதியான வேட்டைக்கு இங்கே இடமே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலையோ கௌதாரியையோ வேட்டையாடுவது குற்றம். மிஞ்சுவது இலக்குப் பயிற்சி, அதற்கு 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கியே சரி. ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாதவரை அதற்கு 2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. .22-க்கு உரிமமும் காவல்துறை விசாரணையும் கட்டாயம். அதன் தோட்டா சுமார் 140 ஜூல் ஆற்றலோடு கிளம்பும். குறி தவறினால் ஒரு கிலோமீட்டரையும் தாண்டும்.

காற்றுத் துப்பாக்கி வெறும் பொம்மை என்பார்கள். பத்து மீட்டர் போட்டி அட்டையில் பத்துக்கான புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். மூச்சு சற்றுப் பிசகினாலும் ஒன்பதுக்குப் போய்விடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் பெயரெடுத்ததும் இதில்தான். ஒலிம்பிக் 50 மீட்டர் .22 போட்டியில்கூட ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட வேண்டும். அரைத்தானியங்கிக்கு அங்கே வேலையில்லை. உரிமம் வேண்டாம் என்பதற்காக மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. ஈயக் குண்டு கண்ணைப் பறித்துவிடும். கிளியைச் சுட்டால் அதுவும் வேட்டைதான். சென்னை ரைஃபிள் கிளப் போன்ற இடத்தில் பயிற்சியாளரிடம் பழகிவிட்டு, அப்புறம் வாங்குங்கள்.