கத்தியை எடுக்குமுன் கணக்கெடுப்பு



"குழாய் விட்டுப் பார்த்ததிலேயே கட்டி இருப்பது தெரிந்துவிட்டது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்துப் புற்றுநோய்தான் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி அறுத்து எடுக்க வேண்டியதுதானே! அதற்குள் எதற்கு இத்தனை ஸ்கேன்?"

இளையாத்தங்குடியிலிருந்தும் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தும் நோயாளியை மதுரைக்கோ திருச்சிக்கோ அழைத்துச் சென்று திரும்பும் குடும்பத்தார் மனம் நொந்து கேட்கும் கேள்வி இது. ஆங்கிலத்தில் அச்சடித்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடி மதரஸாத் திண்ணைக்கு வருவோரும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீட்டில் சம்பாதிக்கும் ஒருவர் படுத்துவிட்ட நிலையில், ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விடை அந்த ஸ்கேன் செலவைவிடப் பெரியது.

1881ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் வியன்னா நகரில் தியோடோர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், 43 வயதுப் பெண்மணி ஒருவரின் இரைப்பையில் புற்று இருந்த பகுதியை வெட்டியெடுத்து, மீதியைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தார். அதற்கு முன் அவ்வறுவையைச் செய்து நோயாளியைப் பிழைக்க வைத்தவர் எவருமில்லை. அப்பெண்மணி எழுந்து நடமாடினார், உணவும் உண்டார். உலகமே வியந்தது. ஆனால் நான்கு மாதம் நிறைவதற்குள் அவர் இறந்துபோனார். தையல் பிரியவில்லை, கை பிசகவுமில்லை. வயிற்றைத் திறக்குமுன்பே நோய் இரைப்பையை விட்டு வெளியேறியிருந்தது. அதை முன்கூட்டி அறிந்துகொள்ள அன்று வழியே இல்லை.

நம் நாட்டில் அறிஞர் அண்ணா அவர்களை அறியாதார் யார்? அவருக்கு வந்தது இரைப்பைக்கு மேலே உள்ள உணவுக்குழாயில் வந்த புற்று. 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரில் டாக்டர் மில்லர் அறுவை செய்தார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள், அறுபது வயதுகூட நிறையாமல், அண்ணா மறைந்தார். உடலுக்குள்ளிருப்பதைப் படலம் படலமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் மனிதர்மீது முதன்முதலாகப் பயன்பட்டது 1971 அக்டோபரில்தான். அதுவும் மூளைக்கு மட்டும். வயிற்றைப் பார்க்கும் பொறி வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதைச் செய்தளித்த ஹவுன்ஸ்ஃபீல்டு, நம் வீடுகளில் ஒரு காலத்தில் பாடிய நாய்ப்படம் பொறித்த இசைத்தட்டுகளோடு தொடர்புடைய இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1979இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இந்நோய் எங்கோ தொலைவில் உள்ளதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை மக்களின் புற்றுநோய்க் கணக்கைப் பதிவேட்டில் ஏற்றி வருகிறது. அக்கணக்கில் நெடுங்காலம் ஆண்களிடையே முன்னணியில் நின்றது இரைப்பைப் புற்றே. புகை, அளவு மீறிய உப்பு, இரைப்பையில் குடியேறும் 'ஹெலிகோபேக்டர் பைலோரி' என்னும் கிருமி ஆகியவை காரணங்களில் முக்கியமானவை. அவற்றைப் பற்றி எழுதத் தனி இதழே வேண்டும்.

நோயின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. அது எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். பிரான்சு நாட்டு மருத்துவர் பியர் தெனுவா என்பவர் 1940களில் வகுக்கத் தொடங்கிய முறையை இன்று உலகெங்கும் கையாள்கிறார்கள். அறிக்கையில் காணும் டி, என், எம் என்ற மூன்று எழுத்துகள் அம்முறைக்குரியவை.

'டி' என்பது கட்டி இரைப்பைச் சுவருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரை உடைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வழவழப்பான மேற்பூச்சுக்கு அடியில் அடுத்த பூச்சு, அதற்கடியில் இன்னொன்று என்று வரிசையாக வந்து, பிறகு செங்கல் தெரியும். இரைப்பைச் சுவரும் அப்படித்தான். உட்புறம் சளிச்சவ்வு, அதன் கீழ் மெல்லிய அடிச்சவ்வு, பிறகு தடித்த தசை, கடைசியில் வெளியுறை. புற்று பெரும்பாலும் உட்புறப் பூச்சில் தோன்றி, ஈரம் ஊறுவதுபோல் வெளிநோக்கி ஊறுகிறது. முதலிரு படலங்களுக்குள் நின்றால் டி1. தசையை அடைந்தால் டி2. தசையைக் கடந்தால் டி3. வெளியுறையைத் துளைத்துவிட்டாலோ பக்கத்து உறுப்பைப் பற்றிவிட்டாலோ டி4.

'என்' என்பது நிணக்கணுக்களின் கணக்கு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா, அந்தக் கணுக்களே இரைப்பையைச் சுற்றியும் இருக்கின்றன. ஒன்றிரண்டில் நோய் புகுந்தால் என்1. மூன்று முதல் ஆறு வரை என்2. ஏழும் அதற்கு மேலும் என்3. 'எம்' என்பது கல்லீரல், நுரையீரல், வயிற்றின் உட்சவ்வு போன்ற தொலைவிடங்களுக்குப் பரவியதா என்பது. இல்லையெனில் சுழியம், ஆமெனில் ஒன்று.

நெப்போலியன் 1821இல் செயின்ட் ஹெலினாத் தீவில் மாண்டபின் அவன் உடலைத் திறந்து பார்த்தவர்களின் குறிப்புகளை வைத்து, 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவனுக்கும் இந்த எழுத்துகளை எழுதிப் பார்த்தது. இரைப்பைப் புற்று, குறைந்தது டி3, என்1 என்று முடிவு கட்டினார்கள். ஐரோப்பாவை ஆட்டி வைத்தவனின் நோய்நிலையை அறிய 186 ஆண்டுகள் வேண்டியிருந்தன. நம் ஊர்க் கூலித் தொழிலாளிக்கு அது சில நாட்களில் கிடைத்துவிடுகிறது.

கிடைக்கும் வழி எது? முதற்படி மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் காட்டும் சி.டி. ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, முக்கால் லிட்டர் அல்லது ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் செய்வார்கள். சுருங்கிக் கிடக்கும் இரைப்பை விரிந்தால்தான் சுவரின் தடிப்பு தெரியும். பிறகு நரம்பில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். உடல் திடீரென வெதுவெதுப்பாகும், அஞ்ச வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை உண்பவர்களும், முன்பு இம்மருந்து ஒவ்வாமல் போனவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சி.டி. எல்லாம் அறிந்ததன்று. வீங்கிய கணு வெறும் அழற்சியால் வீங்கியதாக இருக்கலாம். சிறிய கணுவுக்குள் நோய் ஒளிந்திருக்கவும் கூடும். மேற்பூச்சிலேயே நிற்கும் சிறு கட்டியின் ஆழத்தை அதனால் சரியாக அளக்க முடியாது. அதற்கு, நுனியில் ஒலியலைக் கருவி பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்திச் சுவரின் படலங்களைப் பார்க்கும் எண்டோ அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. பெட் ஸ்கேன் என்பது கதிரியக்கமேற்றிய சர்க்கரையை உடலில் செலுத்தி, அதை மிகுதியாக விழுங்கும் இடங்களைத் தேடுவது. ஆனால் இரைப்பைப் புற்றில் ஒரு வகை அச்சர்க்கரையை அவ்வளவாக விழுங்குவதில்லை. அந்த நோயாளிகளிடம் பெட் ஸ்கேன் ஏமாற்றிவிடக்கூடும். ஆகவே எல்லாருக்கும் பெட் வேண்டியதில்லை. "எதற்காக?" என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்பதில் தவறில்லை. எடுத்தால், அன்று பச்சிளங்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்கச் சொல்வார்கள். அக்கதிரியக்கம் ஏறத்தாழ 110 நிமிடங்களுக்கொரு முறை பாதியாகக் குறைந்து விடும்.

எந்த ஸ்கேனுக்கும் சிக்காத ஒன்று உண்டு. வயிற்றின் உட்சவ்வில் கடுகு தூவியதுபோல் நோய் சிதறிக் கிடக்கலாம். அதைக் காணத்தான், ஆழமான கட்டியுள்ளவர்களுக்குச் சிறு துளையிட்டுக் கேமராவைச் செலுத்தி லேப்ராஸ்கோப்பி செய்கிறார்கள். "ஆபரேஷன் என்று உள்ளே கொண்டுபோய்ச் சும்மா பார்த்துவிட்டுத் தைத்துவிட்டார்கள்" என்று குறைபட்டுக்கொள்வோர், அந்தப் பார்வை ஒரு பயனற்ற பெரிய அறுவையைத் தடுத்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் எதற்கென்றால், கணக்கு மாறினால் வழியே மாறிவிடுகிறது. சளிச்சவ்வோடு நிற்கும் மிகச் சிறு கட்டிகள் சிலவற்றை வயிற்றைத் திறக்காமல் குழாய்வழியே சீவி எடுத்துவிடலாம். ஆழம் சென்றிருந்தாலோ கணுக்களைத் தொட்டிருந்தாலோ, பெரும்பாலும் முதலில் சில மாதம் மருந்து, பிறகு அறுவை, அதன்பின் மீண்டும் மருந்து. "உடனே அறுக்காமல் காலம் கடத்துகிறார்கள்" என்று வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இக்கட்டத்தில்தான் நடக்கிறது. தொலைவிடங்களுக்குப் பரவியிருந்தால் இரைப்பையை எடுத்து விடுவதால் பொதுவாக ஆயுள் நீள்வதில்லை. அங்கே மருந்தும் வலி தணிப்புமே முதன்மையானவை. அடைப்பு, இரத்தப்போக்கு போன்றவற்றுக்கு மட்டும் அறுவை. வீட்டையும் நகையையும் அடகு வைத்து, "எவ்வளவு ஆனாலும் சரி, எங்கள் அத்தாவுக்கு அறுத்து எடுத்துவிடுங்கள்" என்று பிள்ளைகள் மன்றாடுவது பாசம்தான். அந்த அத்தாவின் எஞ்சிய நாட்களைத் தீவிர சிகிச்சை அறையில் கழிக்க வைப்பதும் அந்தப் பாசமாகவே இருந்துவிடலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிக்கையைப் படித்துக் காட்டும்போது, "அத்தாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று வாசலிலேயே வாக்கு வாங்கிக்கொள்கிறார்கள். கொடுக்கல் வாங்கல் தீர்க்க வேண்டியவர், வஸிய்யத் எழுத வேண்டியவர், மகளின் நிக்காஹைக் கண்ணால் காண விரும்புகிறவர் அவர். அவருடைய உடலின் கணக்கை அவரைத் தவிர எல்லாரும் அறிந்திருப்பது எவ்வகையில் முறை? ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். அவர் கேட்குமளவுக்கு, தாங்குமளவுக்கு, பொய் கலவாமல் சொல்லலாம்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், ஸ்கேனுக்குப் பணம் கட்டுமுன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். படங்களையும் குறுந்தகடுகளையும் தேதி வரிசையில் ஒரே பையில் வையுங்கள். மருந்து கொடுத்தபின் எடுக்கும் படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் கட்டி சுருங்கியதா என்று சொல்வார்கள்.

ரமளானில் ஸ்கேன் தேதி விழுந்தால், "பெருநாள் கழியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோன்பை ஈடுசெய்துகொள்ளும் சலுகையை அல்-பகரா அத்தியாயத்தில் இறைவனே வழங்கியிருக்கிறான். மதுரைக்கு ஸ்கேன் எடுக்கச் செல்பவர் நோயாளியாகவும் இருக்கிறார், பயணியாகவும் இருக்கிறார். குறித்த நாளில் சென்று, அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கட்டும்.