பூட்டு யாருக்கு?



"திருட்டு நகல் வேண்டாம், விலை கொடுத்து வாங்கு" என்றுதான் மாணவரிடம் சொல்கிறோம். கணினி விளையாட்டை உருவாக்கியோரின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும். நகலெடுப்பதைத் தடுக்க அவர்கள் பூட்டுப் போடுவதும் நியாயமே. ஆனால், அப்பூட்டு யாரைத் தடுக்கிறது?

2008-இல் வெளிவந்த 'ஸ்போர்' விளையாட்டைத் தொடக்கத்தில் மூன்று கணினிகளில் மட்டுமே பதிவுசெய்ய முடிந்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், பூட்டு உடைக்கப்பட்ட நகலோ இணையத்தில் தாராளமாக உலவியது. 'சேஃப்டிஸ்க்' என்னும் பழைய பூட்டை 2015-இல் வந்த விண்டோஸ் 10 ஏற்கவில்லை. முறையாக வாங்கிய குறுவட்டுகள் பல அதில் இயங்காமற்போயின. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

பூட்டே கூடாது என்பதன்று என் வாதம். ஒரு விளையாட்டு அதிகம் விற்பது வெளிவந்த புதிதில்தான்; அப்போது காவல் இருக்கட்டும். பிறகு நீக்கிவிடலாமே! 2016 மே மாதம் வந்த 'டூம்' விளையாட்டிலிருந்து 'டெனுவோ' பூட்டு அதே ஆண்டு டிசம்பரிலேயே அகற்றப்பட்டது. இது நல்ல முன்மாதிரி.

நேர்மையாக வாங்கிய பிள்ளை ஏமாந்து நின்றால், நாளை நம் அறிவுரை எடுபடுமா? சிந்திப்போம்.